பசுமை அறிக்கைக்கு எழுவாய் யார்?



ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் வாக்கில் ‘யு.ஐ. கிரீன்மெட்ரிக்’ என்ற உலகப் பசுமைப் பல்கலைக்கழகத் தரவரிசை வெளிவருகிறது. உடனே வாழ்த்துப் பதாகைகள், செய்தி அறிக்கைகள், புகைப்படங்கள். சில மாதத்தில் அந்தச் செய்தி மாணவர் கட்டுரைக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிடும்: ‘நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் உலக அளவில் பசுமைச் சாதனை படைத்து வருகின்றன.’

வாக்கியத்தில் பிழை இல்லை. ஆனால் என்ன சாதனை என்று கேட்டுப் பாருங்க. மின்சாரம் குறைந்ததா? எவ்வளவு? எந்த ஆண்டிலிருந்து? யார் அளந்தார்கள்? அந்த வாக்கியத்திடம் பதில் இல்லை. பெரும்பாலான நேரங்களில், அந்த வாக்கியம் பிறந்த செய்தி அறிக்கையிடமும் பதில் இருக்காது.

பல்கலைக்கழகங்கள் தங்கள் சுற்றுச்சூழல் முன்னேற்றத்தை அளந்து பொதுமக்களுக்குச் சொல்லும் முறையைக் கதை, கவிதையை விமர்சிப்பது போலவே ஒரு பனுவலாக எடுத்து இங்கே பார்ப்போம். என் கருத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அளவுகோல்கள் நிறைய வந்துவிட்டன. அவற்றைக் கேள்வி கேட்டு வாசிக்கிறவர்கள்தான் குறைவு. நாம் தரவரிசையை மட்டும் வாசித்தால், அவர்கள் தரவரிசையை மட்டும்தான் எழுதுவார்கள்.

மூன்று தராசுகள்

முதலில் கிரீன்மெட்ரிக். இதை இந்தோனேசியப் பல்கலைக்கழகம் 2010-இல் தொடங்கியது. முதல் ஆண்டில் 35 நாடுகளைச் சேர்ந்த 95 பல்கலைக்கழகங்கள் கலந்துகொண்டன. இப்போது ஆயிரத்துக்கும் மேல். மொத்தம் 10,000 புள்ளிகள், ஆறு பிரிவுகள்: வளாக அமைப்பும் கட்டமைப்பும் 15 விழுக்காடு, எரிசக்தியும் பருவநிலை மாற்றமும் 21, கழிவு 18, நீர் 10, போக்குவரத்து 18, கல்வியும் ஆய்வும் 18. தரவுகளையும் சான்றுகளையும் பல்கலைக்கழகங்களே நிரப்பி அனுப்புகின்றன.

இதன் நன்மையை மறுக்கக் கூடாது. கட்டணம் கட்டிவிட்டு ரசீதைக் கோப்பில் போட்டு மூடிய எத்தனையோ நிறுவனங்கள், தரவரிசை வந்த பிறகுதான் ‘ஆளுக்கு எத்தனை கிலோவாட் மணி’ என்று கணக்குப் பார்க்க வேண்டிய நிலைக்கு வந்தன. வளர்ந்துவரும் நாடுகளின் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நிற்க இடம் கிடைத்தது.

ஆனால் உள்ளே புகுந்து பாருங்க. திறந்தவெளி எவ்வளவு, காடு எவ்வளவு என்பதற்கும் புள்ளி உண்டு. 1931-இல் வேளாண்மைப் பள்ளியாகத் தொடங்கி இன்று செர்டாங்கில் பரந்து கிடக்கும் புத்ரா பல்கலைக்கழகத்துக்கு (யு.பி.எம்.) அந்த நிலம் ஒரு சொத்து. நகர நடுவே நாலு மாடிக் கட்டடத்தில் இயங்கும் கல்லூரிக்கு அந்தப் புள்ளி எப்படிக் கிடைக்கும்? நிலம் என்பது வரலாறு தந்தது. முயற்சி என்பது வேறு. புள்ளிக் கணக்கில் இரண்டும் ஒரே வரிசையில் நிற்கின்றன.

இன்னொன்று: நிலைத்தன்மைக்கென இணையப் பக்கம் வைத்திருந்தால் புள்ளி, நிலைத்தன்மை அறிக்கை வெளியிட்டால் புள்ளி. அறிக்கையில் என்ன இருக்கிறது என்பதைவிட, அறிக்கை இருக்கிறது என்பதே கணக்கில் வருகிறது. சில கேள்விகளுக்குத் திட்டம் ‘ஆயத்தத்தில்’, ‘தொடக்க நிலையில்’, ‘முழுமையாக நடப்பில்’ என்பது போன்ற படிநிலைகள்தாம் விடை. திட்டம் நடக்கிறது என்பது ஒரு செய்தி. அதனால் குப்பை குறைந்தது என்பது இன்னொரு செய்தி.

இரண்டாவது, ‘டைம்ஸ் ஹையர் எஜுகேஷன்’ நிறுவனம் 2019-இல் தொடங்கிய தாக்கத் தரவரிசை. ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் 17 நிலையான மேம்பாட்டு இலக்குகளை வைத்து மதிப்பிடுகிறது. ஒட்டுமொத்த இடத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் தெரியுமா? 17-ஆவது இலக்கான கூட்டுறவு கட்டாயம். அதற்கு 22 விழுக்காடு. மீதிக்கு, அந்தப் பல்கலைக்கழகம் நன்றாகச் செய்த மூன்று இலக்குகள் மட்டும். ஒவ்வொன்றுக்கும் 26 விழுக்காடு.

நம் வகுப்பறைக் கணக்கில் சொன்னால், தமிழ் கட்டாயம், மற்றப் பாடங்களில் எதில் நல்ல மதிப்பெண் வந்ததோ அந்த மூன்றை மட்டும் சேர்த்துச் சான்றிதழ் கொடுங்கள் என்பது போல. கணிதம் எப்படிப் போனது என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆக, இந்தப் பட்டியலில் ஒரு பல்கலைக்கழகம் முன்னணியில் இருக்கிறது என்றால், அது நீரையும் கரிமத்தையும் நன்றாகக் கையாள்கிறது என்று பொருள் கொள்ள முடியாது. சுகாதாரம், கல்வி, பாலினச் சமத்துவம் ஆகியவற்றில் சிறந்திருக்கலாம். அவையும் நல்லவைதான். ஆனால் அதைச் ‘சுற்றுச்சூழல் சாதனை’ என்று கட்டுரையில் எழுதினால் தவறு.

மூன்றாவது, அமெரிக்காவில் 2010 முதல் இயங்கும் ‘ஸ்டார்ஸ்’. இதில் முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று தரம் மட்டும்தான். முதன்முதலில் பிளாட்டினம் பெற்றது கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம், 2015-இல். பல்கலைக்கழகம் கொடுத்த ஒவ்வொரு விடையும் பொதுமக்கள் திறந்து பார்க்கும்படி இருக்கும். தரம் மூன்று ஆண்டுக்குத்தான் செல்லும். இதுவும் அவர்களே நிரப்பிக் கொடுப்பதுதான். ஆனால் விடைத்தாள் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. எனக்கு இந்த முறை கூடுதலாகப் பிடிப்பதற்கு அதுதான் காரணம்.

அறிக்கையின் இலக்கணம்

இனி நம் வேலை. இலக்கணம் தெரிந்தவர் கண்ணுக்கு இந்த அறிக்கைகள் நிறையவே காட்டிக்கொடுக்கும். கீழே உள்ளது எந்தப் பல்கலைக்கழகமும் எழுதியதல்ல, பாடத்துக்காக நான் எழுதிய மாதிரி:

‘பசுமைமிகு வளாகத்தை உருவாக்கும் நோக்கில் பல்வேறு முன்னெடுப்புகள் மேற்கொள்ளப்பட்டு வருகின்றன.’

எழுவாய் எது? ‘முன்னெடுப்புகள்’. செய்தவர் யார்? இல்லை. செயப்பாட்டு வினை அவரை மறைத்துவிட்டது. மலாய் அறிக்கைகளில் ‘டி’ முன்னொட்டு செய்யும் வேலையும் இதுதான்: காரியம் நடந்திருக்கும், செய்தவர் காணாமல் போயிருப்பார். ‘பல்வேறு’ என்றால் எத்தனை? மூன்றா, முப்பதா? ‘வருகின்றன’ என்றால் எப்போது முடியும்? ‘நோக்கில்’ என்ற சொல் இருக்கும்வரை, முடியாவிட்டாலும் யாரும் குறை சொல்ல முடியாது.

இப்போது இதைப் பாருங்க. இதுவும் கற்பனை மாதிரிதான்:

‘விடுதிப் பிரிவு 2023-இல் 41 இலட்சம் கிலோவாட் மணி மின்சாரம் பயன்படுத்தியது, 2019-இல் 44 இலட்சம். இலக்கு 40 இலட்சம், எட்டவில்லை.’

எழுவாய் உண்டு. வினைமுற்று உண்டு. எண், ஆண்டு, ஒப்பீடு, தோல்வி எல்லாம் உண்டு. அழகான வாக்கியம் இல்லைதான். ஆனால் அடுத்த ஆண்டு அந்தப் பிரிவைப் போய்க் கேள்வி கேட்க முடியும். முதல் வாக்கியத்தை வைத்துக்கொண்டு யாரையும் எதுவும் கேட்க முடியாது. பொது அறிக்கைக்கும் விளம்பரத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

எண் இருந்தால் போதுமா?

போதாது. எண்ணும் ஒளிந்து விளையாடும். மூன்று இடத்தைக் கவனிக்கணும்.

ஒன்று, எந்த ஆண்டோடு ஒப்பிடுகிறார்கள்? 2020 மார்ச் 18-இல் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. வளாகங்கள் காலியாயின. விரிவுரை மண்டபங்களில் குளிர்சாதனம் ஓடவில்லை. 2019-ஐயும் 2020-ஐயும் பக்கத்தில் வைத்து ‘மின்சாரம் குறைந்தது’ என்று எழுதினால் அது கிருமியின் சாதனை, கொள்கையின் சாதனை இல்லை. அதேபோல 2020-ஐ அடிப்படை ஆண்டாக வைத்து ‘கூடிவிட்டது’ என்று குற்றம் சாட்டுவதும் நியாயம் இல்லை.

இரண்டு, மொத்தமா, தலைக்கணக்கா? ஒரு பல்கலைக்கழகத்தில் 10,000 பேர் இருந்தபோது ஆண்டுக்கு 2 கோடி கிலோவாட் மணி செலவானது என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 2,000. பத்தாண்டு கழித்து 15,000 பேர், 2 கோடியே 70 இலட்சம் கிலோவாட் மணி. ஆளுக்கு 1,800. அறிக்கை ‘10 விழுக்காடு குறைத்தோம்’ என்று சொல்லும். அது உண்மை. மொத்தத்தில் 35 விழுக்காடு கூடியிருக்கிறது. அதுவும் உண்மை. வானத்துக்குப் போன புகை தலையை எண்ணிப் பார்க்காது.

இது பல்கலைக்கழகத்தோடு நிற்கும் விஷயமும் இல்லை. 2009-இல் கோப்பன்ஹேகன் மாநாட்டில் மலேசியா கொடுத்த வாக்குறுதி, 2020-க்குள் கரிம வெளியீட்டின் ‘அடர்த்தியை’ 2005-ஐ ஒப்பிட 40 விழுக்காடு வரை குறைப்பது. 2021-இல் அது 2030-க்குள் 45 விழுக்காடு என்று உயர்த்தப்பட்டது. அடர்த்தி என்றால் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் எவ்வளவு வெளியீடு என்பது. பொருளாதாரம் வேகமாக வளர்ந்தால், மொத்த வெளியீடு கூடிக்கொண்டே போகும்போதும் அடர்த்தி குறையலாம். ‘45 விழுக்காடு குறைப்பு’ என்று மட்டும் எழுதும் மாணவர், ‘அடர்த்தி’ என்ற ஒரு சொல்லை விட்டதால் வாக்கியத்தின் பொருளையே மாற்றிவிடுகிறார்.

மூன்று, எல்லை எது? உலக அளவில் கரிமக் கணக்கை மூன்று வட்டமாகப் பிரிக்கிறார்கள். நாமே எரிக்கும் எரிபொருள் முதல் வட்டம். விலைக்கு வாங்கும் மின்சாரம் இரண்டாவது. பயணம், வாங்கும் பொருள், கழிவு போன்ற மற்றவை மூன்றாவது. மூன்றாவதுதான் அளக்கக் கடினம், விட்டுவிட எளிது. பொந்தியானிலிருந்து ஸ்கூடாய்க்குத் தினமும் மோட்டார்சைக்கிளில் போய்வருகிற மாணவர் ஒருவர் இருக்கிறார் என்று நினையுங்க. அவர் அடிக்கும் பெட்ரோல் யார் கணக்கில்? மூன்றாவது வட்டத்தைச் சேர்க்கும் அறிக்கையில் அது வரும். சேர்க்காத அறிக்கையில் அந்த மாணவர் காற்றில் பறந்து வகுப்புக்கு வந்தவர் ஆகிறார்.

தோல்வியை எழுதும் துணிவு

நல்ல முன்மாதிரி இல்லாமல் குறை மட்டும் சொன்னால் விமர்சனம் ஆகாது. இரண்டு காட்டுகிறேன்.

ஹார்வர்டு பல்கலைக்கழகம் 2008-இல் ஓர் இலக்கு வைத்தது: 2006-ஐ அடிப்படையாக வைத்து 2016-க்குள் பசுமைக்குடில் வாயுக்களை 30 விழுக்காடு குறைப்பது, வளாக வளர்ச்சியையும் உட்படுத்தி. கடைசியில் வரும் ‘வளர்ச்சியையும் உட்படுத்தி’ என்பதைக் கவனியுங்க. புதுக் கட்டடம் கட்டினோம், அதனால் கூடிவிட்டது என்ற சமாதானத்துக்கான வாசலை இலக்கு வைக்கும்போதே மூடிவிட்டார்கள். அடிப்படை ஆண்டு, இறுதி ஆண்டு, அளவு, எல்லை நான்கும் ஒரே வரியில். எட்டிவிட்டோம் என்று அவர்கள் பிறகு அறிவித்தபோது, வாசகர் சரிபார்க்க அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

அடுத்தது கலிபோர்னியப் பல்கலைக்கழக அமைப்பு. 2025-க்குள் தன் செயல்பாடுகளில் கரிமச் சமநிலை எட்டுவோம் என்று 2013-இல் அறிவித்தது. 2023-இல் அந்த இலக்கை மாற்றியது: வெளியில் ஈட்டுக் கடன்களை வாங்கிக் கணக்கைச் சமன் செய்வதற்குப் பதிலாக, 2045-க்குள் 2019 அளவிலிருந்து குறைந்தது 90 விழுக்காடு வெளியீட்டை நேரடியாகக் குறைப்பது என்று. இருபது ஆண்டு தள்ளிப்போட்டுவிட்டார்களே என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனாலும், பழைய இலக்கும் புது இலக்கும் பொதுவில் இருப்பதால்தானே நம்மால் இந்தக் கேள்வியைக் கேட்க முடிகிறது? பழைய பக்கத்தைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டுப் புதுப் பதாகையை ஏற்றியிருந்தால் கேட்க ஒன்றும் இருக்காது.

பிரிட்டனில் 2007 முதல் ‘பீப்பிள் அண்ட் பிளானட்’ என்ற மாணவர் அமைப்பு பல்கலைக்கழகங்களுக்குச் சுற்றுச்சூழல் மதிப்பீடு வெளியிட்டு வருகிறது. பட்டப்படிப்புக்குத் தருவது போலவே முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, தோல்வி என்று போடுகிறார்கள். வழக்கமாக மதிப்பெண் போடுகிறவர்கள் மதிப்பெண் வாங்குகிறார்கள். பல்கலைக்கழகம் பொதுவில் போட்ட தகவலை மாணவர் வாசிக்கிறார். வாசித்ததால் அடுத்த ஆண்டுத் தகவல் இன்னும் தெளிவாக வர வேண்டிய கட்டாயம் பிறக்கிறது. நான் தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

பொந்தியானிலிருந்து பார்த்தால்

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று நினைக்கிறீர்களா? நம் மாவட்டத்தின் தஞ்சோங் பியாயும் குக்குப் தீவும் 2003-இல் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டவை. கண்டல் மரங்கள்தான் நம் கரையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அன்னாசி விளையும் நம் கரிமண் நிலத்தில் நீரை வடித்தால் மண் அமிழும், கரிமம் வெளியேறும். கடல் ஓர் அடி ஏறினாலும் முதலில் தெரிந்துகொள்ளப்போகிறவர்கள் இங்கே இருக்கிறவர்கள். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தக் கரைக்கு வந்து ஆய்வு செய்கிறார்கள். வரவேற்கிறோம். அந்த ஆய்வுக்கட்டுரைகளுக்கும் தரவரிசையில் இடம் உண்டு. ஆனால் கண்டல் காட்டைப் பற்றி ஆய்வு செய்வது வேறு, தன் வளாகத்து மீட்டரைக் குறைப்பது வேறு. முதலாவதைக் காட்டி இரண்டாவதை மறைக்க இடம் கொடுக்கக் கூடாது.

நம் மாணவர்கள் சிலர் அடுத்த சில ஆண்டில் ஸ்கூடாயிலோ பாரிட் ராஜாவிலோ செர்டாங்கிலோ போய்ச் சேரப்போகிறார்கள். அங்கே மாணவர் மன்றத்தில் உட்காருவார்கள், சிலர் அதிகாரிகளாகி அந்த அறிக்கையையே எழுதுவார்கள். ‘முன்னெடுப்புகள் மேற்கொள்ளப்பட்டு வருகின்றன’ என்று எழுதக் கற்றுக்கொண்டு போவார்களா, ‘இலக்கை எட்டவில்லை’ என்று எழுதக் கற்றுக்கொண்டு போவார்களா? அது ஓரளவு நம் கட்டுரைப் பாடத்தில் முடிவாகிற காரியம்.

வகுப்பறைக்கு

எந்தப் பசுமை அறிக்கையை எடுத்தாலும் மாணவர்கள் இந்த ஐந்து கேள்விகளைக் கேட்கட்டும்:

1. எந்த ஆண்டோடு ஒப்பிட்டிருக்கிறார்கள்? அந்த ஆண்டு இயல்பான ஆண்டா?
2. மொத்த அளவா, ஆளுக்கு இவ்வளவு என்ற அளவா?
3. எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள்?
4. அவர்களே சொன்னதா, வெளியார் சரிபார்த்ததா?
5. எட்டாத இலக்கு ஒன்றாவது அறிக்கையில் இருக்கிறதா?

ஐந்தாவது கேள்விதான் முக்கியம். எல்லாமே வெற்றி என்று சொல்லும் அறிக்கையைக் கொஞ்சம் மெதுவாக வாசிக்கச் சொல்லுங்க.

தேர்வு எழுதுவோருக்கு: கருத்து விளக்கக் கட்டுரையில் இப்படி எழுதாதீர்கள்: ‘பல்கலைக்கழகங்கள் பசுமையைப் போற்றிப் பாதுகாத்து வருகின்றன என்றால் அது மிகையாகாது.’ மாறாக இப்படி எழுதலாம்: ‘2010-இல் தொடங்கிய கிரீன்மெட்ரிக் தரவரிசை, எரிசக்தி, கழிவு, நீர் முதலிய ஆறு பிரிவுகளில் பல்கலைக்கழகங்களை மதிப்பிடுகிறது. எனினும், தரவுகளைப் பல்கலைக்கழகங்களே அனுப்புவதால், ஆண்டுதோறும் தங்கள் மின்சார, நீர்ப் பயன்பாட்டு அளவுகளையும் பொதுவில் வெளியிட்டால்தான் முன்னேற்றம் உறுதிப்படும்.’ இரண்டாவதில் தகவல், காரணம், பரிந்துரை மூன்றும் இருக்கின்றன. உயர்நிலைச் சிந்தனை என்று நாம் கேட்பதும் இதைத்தான்.

ஆசிரியர்களுக்கு ஒரு சிறு பயிற்சி. பள்ளி அலுவலகத்தில் அனுமதி கேட்டு, கடந்த 12 மாத மின்கட்டண ரசீதுகளில் உள்ள கிலோவாட் மணி எண்ணை மட்டும் எடுத்து மாணவர்களிடம் கொடுங்க. பள்ளி விடுமுறை மாதம் எது, தேர்வு மாதம் எது என்று அவர்களே அடையாளம் காணட்டும். பிறகு, எழுவாயும் வினைமுற்றும் உள்ள ஐந்து வாக்கியங்களில் பள்ளியின் ‘நிலைத்தன்மை அறிக்கை’யை எழுதச் சொல்லுங்க. நிபந்தனை ஒன்றுதான்: ‘பல்வேறு’ என்ற சொல் வரக் கூடாது. எழுதி முடித்ததைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்க. அடுத்த ஆண்டு அதே மாதத்தில், அதன் பக்கத்திலேயே புது எண்ணை ஒட்டுங்க, கூடியிருந்தாலும் சரி.